12-ஆம் வாரத்தில் ரத்தமா டாப்ளரா, 28-ஆம் வாரத்தில் எது?

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கும்பகோணத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அப்போது அவளுக்கு 12-ஆம் வாரம். "அண்ணி, நாளைக்கு என்.டி. ஸ்கேன். டபுள் மார்க்கருக்கு ரத்தம் எடுக்கும்போதே பின்னாடி பிரஷர் வருமான்னு பார்க்கிற டெஸ்ட்டையும் சேர்த்துக்கலாம்ங்கறாங்க. ஸ்கேன்ல டாப்ளர்னு ஒண்ணும் பார்க்கலாமாம். ரெண்டுக்கும் தனித்தனியா காசு. எதை எடுத்துக்கட்டும்? ரெண்டுமே வேண்டாமா?"

என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்குமா என்று பார்ப்பவை. டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. என் முதல் பிரசவம் 31-ஆம் வாரத்தில் முடிந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே கால் மெட்டி கழற்ற வராமல் விரலில் புதைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். "மாசமா இருக்கறவளுக்குக் கால் வீங்காம இருக்குமா" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்த வாரம் செக்கப்புக்குப் போனபோது மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றவளுக்கு, சுடிதார் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார்கள். 138/88. "டென்ஷன்மா, ஒண்ணுமில்ல" என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை தலை பிளந்தது, கண் முன்னால் மின்மினி பறந்தது. அன்றைக்கு 170/110. ஒன்றரைக் கிலோகூட இல்லாத என் மகன் ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது அவன் இரண்டாம் வகுப்பு.

எனக்கு வந்தது பிரீ-எக்ளாம்ப்சியா, கர்ப்பத்தின் பின்பாதியில் பிரஷர் ஏறி உறுப்புகளைக் கெடுக்கும் நோய். அதன்பிறகு அதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை. என் நாத்தனாருக்குச் சொன்னதை, சொல்வதற்கு முன் யோசித்ததோடு சேர்த்து எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்டால் போதும்.

முதலில் இந்த இரண்டு பரிசோதனைகளும் எதைப் பார்க்கின்றன என்பது. கரு ஒட்டிக்கொண்டதும் நச்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே சுருள் சுருளாக இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களை அகலப்படுத்துகின்றன. எங்கள் டெல்டாவில் குறுவைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருவது மாதிரிதான். தூர்வாருவது அரைகுறையாக நின்றுவிட்டால் இரண்டு விளைவுகள். தாயின் கருப்பைத் தமனியில் ரத்தம் எதிர்ப்பைத் தாண்டி முட்டி முட்டிப் போகிறது. டாப்ளர் அதைப் பார்க்கிறது. இன்னொரு பக்கம், பட்டினி கிடக்கும் நச்சுக்கொடி பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைக் குறைவாகச் சுரக்கிறது. பின்னால் எஸ்-ஃப்ளிட்-1 என்ற இன்னொரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனை பார்ப்பது இதை. ஒன்று வாய்க்காலைப் பார்க்கிறது, மற்றது பயிரின் வாட்டத்தை.

அந்த எஸ்-ஃப்ளிட்-1தான் தாயின் ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்று 2003-இல் எலிகளில் காட்டிய குழுவை பாஸ்டனில் வழிநடத்தியவர் அனந்த் கருமாஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கருவுற்ற எலிகளுக்கு அந்தப் புரதத்தைக் கொடுத்ததும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது. "ஏன் எனக்கு வந்தது, நான் என்ன தப்பாகச் சாப்பிட்டேன்" என்று பல மாதம் என்னையே குடைந்துகொண்டிருந்தவளுக்கு, இதைப் படித்த அன்றுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

12-ஆம் வாரத்துக்கு வருவோம். இந்த வாரத்தில் நாம் தேடும் விடை ஒன்றுதான்: இந்த நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் ஆஸ்பிரின் மாத்திரை தொடங்கணுமா, வேண்டாமா. அந்த விடையை மாற்றாத எந்தப் பரிசோதனைக்கும் இப்போது காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே காசில்லாத பரிசோதனைதான் முதலில், அதாவது கேள்விகள். முந்தைய பிரசவத்தில் பிரஷர் வந்ததா? கர்ப்பத்துக்கு முன்பே பி.பி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் போன்ற நோய் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலே பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 12-ஆம் வாரம் முதல் தினம் 75-லிருந்து 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்கிறது. முதல் கர்ப்பம், வயது 40 அல்லது அதற்கு மேல், அதிக எடை, இரட்டைக் குழந்தை, குழந்தைக்கும் குழந்தைக்கும் 10 வருஷத்துக்கு மேல் இடைவெளி, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருப்பது என்ற இரண்டாம் வரிசையில் இரண்டு சேர்ந்தாலும் அதேதான். நான் இன்னொரு முறை கருவுற்றால் மாத்திரையை முடிவு செய்ய எனக்கு டாப்ளரும் வேண்டாம், பி.எல்.ஜி.எஃப்.-ம் வேண்டாம். முடிவு என்ன வந்தாலும் மாத்திரை போடத்தான் போகிறேன்.

என் நாத்தனார் அப்படி இல்லை. வயது 29, முதல் கர்ப்பம், சர்க்கரை இல்லை, எடை பரவாயில்லை. என் கதை அவளுக்குக் குடும்ப வரலாறு ஆகாது, அவளைப் பெற்றவளின் கதைதான் ஆகும். அத்தையிடம் கேட்டேன். "அவளைச் சுமக்கும்போது ஏதோ பிரஷர்னாங்க, உப்பு சேர்க்காதேன்னாங்க" என்றார். அது பிரீ-எக்ளாம்ப்சியாவா, சும்மா ஒருநாள் ஏறியதா, யாருக்கும் தெரியாது. பழைய காகிதம் எதுவும் இல்லை. இப்படி நடுவில் நிற்பவர்களுக்குத்தான் பரிசோதனை உண்மையாகவே பயன்படும்.

கேள்விகளை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறும்? இங்கிலாந்தில் 16,747 பெண்களை வைத்து நடந்த ஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவந்த பிரீ-எக்ளாம்ப்சியாவில், நைஸ் கேள்விப் பட்டியல் முன்கூட்டிப் பிடித்தது சுமார் 41 சதவீதம். கேள்விகளோடு சரியாக அளந்த பி.பி.யும் பி.எல்.ஜி.எஃப்.-ம் சேர்ந்தபோது 69 சதவீதம். அதன்மேல் கருப்பைத் தமனி டாப்ளரும் சேர்ந்தபோது 82 சதவீதம். மூன்று முறையிலும் பத்தில் ஒரு பெண்ணைத்தான் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். கூடுதலாக யாரையும் பயமுறுத்தாமலே பிடிபடுபவர்கள் இரட்டிப்பாகிறார்கள்.

இந்தக் கணக்கில் பி.பி.யும் ஒரு பரிசோதனை என்பதை ஸ்கேன் சென்டர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, பட்டை தோல் மேல் இதய மட்டத்தில் இருக்க, இரண்டு கையிலும் இரண்டு தடவை அளக்க வேண்டும். 124/82 என்றால் கீழ் எண்ணோடு வித்தியாசத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டணும்: 82-ம் 14-ம் சேர்ந்து 96. இந்தச் சராசரி அழுத்தம்தான் கணக்கில் ஏறும். பட்டையைத் துணி மேல் சுற்றி அளந்த எண்ணைக் கணக்கில் போட்டால், எத்தனை ஆயிரம் ரூபாய் ரத்தப் பரிசோதனை செய்தாலும் விடை தப்பாகத்தான் வரும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி டாப்ளரா, ரத்தமா. டாப்ளரின் நல்ல பக்கம், அதே மேஜையில் அதே கருவியோடு சில நிமிடத்தில் முடிந்துவிடும். கெட்ட பக்கம், அது பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. கருப்பை வாயை நடுவில் பிடித்து, கருவியை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, உள்வாய் மட்டத்தில் தமனியைக் கண்டுபிடிக்க வேண்டும். கோணம் 30 டிகிரிக்குள் இருக்கணும், ரத்தத்தின் வேகம் நொடிக்கு 60 செ.மீ.க்கு மேல் காட்டணும். இல்லையென்றால் பிடித்தது வேறு குழாய். ஒரேமாதிரி மூன்று அலை கிடைத்ததும், ஓட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்று காட்டும் பி.ஐ. என்ற எண்ணை எடுத்து, அடுத்த பக்கமும் எடுத்துச் சராசரி போட வேண்டும். சில ரிப்போர்ட்டில் "நாட்ச் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கும். நாட்ச் என்பது அந்த அலையில் விழும் பள்ளம். முதல் மூன்று மாதத்தில் அது பலருக்கும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பி.ஐ. எண்ணைக் கேளுங்கள்.

ரத்தத்தில் கையின் தேர்ச்சி இந்த அளவுக்குக் குறுக்கிடாது. டபுள் மார்க்கருக்குக் குத்தும் அதே ஊசியில் எடுத்துவிடலாம். ஆனால் டபுள் மார்க்கரில் ஏற்கெனவே இருக்கும் பேப்-ஏ என்ற நச்சுக்கொடிப் புரதத்தின் அளவும் பி.எல்.ஜி.எஃப்.-ம் ஒன்றல்ல. "பேப்-ஏ பார்த்தாச்சு, அதுவே போதும்" என்று சொன்னால், அதே ஸ்ப்ரீ ஆய்வில் பி.பி.யோடு பேப்-ஏ சேர்ந்தபோது பிடித்தது 54 சதவீதத்துக்குள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் ஓட்டு பி.எல்.ஜி.எஃப்.-க்கு. அந்த ஸ்கேன் சென்டரில் இந்த டாப்ளருக்கென்றே பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் இருந்து, லேப் பி.எல்.ஜி.எஃப். செய்யாது என்றால் டாப்ளர். இரண்டுக்கும் முடியுமென்றால் இரண்டும். எதை எடுத்தாலும் "நார்மல்", "அப்நார்மல்" என்று துண்டுதுண்டாக வரும் ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். வயது, எடை, பி.பி., டாப்ளர், ரத்தம் எல்லாம் ஒரே கணக்கில் போய் "இத்தனையில் ஒருவர்" என்று ஒற்றை எண்ணாக வர வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கைப்ரோஸ் நிக்கோலாய்ட்ஸ் குழு அமைத்த கணக்கு இது. அவர்களின் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் தளத்தில் இந்தக் கால்குலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2019-இல் எல்லாக் கர்ப்பிணிக்கும் இதையே பரிந்துரைத்தது. எல்லா வசதியும் இல்லாத இடத்தில் கேள்விகளும் பி.பி.யும் மட்டுமாவது இருக்கட்டும் என்றது.

பிடித்தபிறகு என்ன பலன்? 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், இந்தக் கணக்கின்படி ஆபத்து 100-இல் ஒன்றுக்கு மேல் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 37 வாரத்துக்கு முந்தைய பிரீ-எக்ளாம்ப்சியா வெறும் மாத்திரைக்காரர்கள் 822 பேரில் 35 பேருக்கும், ஆஸ்பிரின் எடுத்த 798 பேரில் 13 பேருக்கும் வந்தது. என் மகன் மாதிரி 31 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளின் கணக்கு இது. மாதம் நிறைந்தபின் வரும் பிரீ-எக்ளாம்ப்சியாவை இந்த மாத்திரை தடுக்கவில்லை, 12-ஆம் வாரப் பரிசோதனையும் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. "டெஸ்ட் நல்லா வந்துடுச்சு, இனி பி.பி. பார்க்க வேண்டாம்" என்ற நினைப்பு அதனால்தான் ஆபத்து. மாத்திரை 16-ஆம் வாரத்துக்குள் தொடங்க வேண்டும், 36-ஆம் வாரத்தில் நிறுத்த வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, ரத்தக்கசிவு இருந்தால் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

28-ஆம் வாரத்தில் கேள்வியே வேறு. இப்போது மாத்திரைக்கான காலம் கடந்துவிட்டது. பி.பி. 140/90-ஐத் தொட்டிருக்கிறது, அல்லது தலைவலி, முகவீக்கம், மேல்வயிற்றில் வலி என்று வைத்துக்கொள்வோம். கேட்க வேண்டியது: இது பிரீ-எக்ளாம்ப்சியாதானா? இன்றைக்கே படுக்கையில் சேரணுமா, வீட்டுக்குப் போகலாமா?

இதற்கு முதலில் எந்த ஊரிலும் கிடைக்கும் பரிசோதனைகள்தான்: மறுபடி சரியாக அளந்த பி.பி., சிறுநீரில் புரதம், தட்டணுக்கள், கல்லீரல் என்சைம், கிரியாட்டினின். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ, சிறுநீரில் புரதம் இல்லாவிட்டாலும் பிரீ-எக்ளாம்ப்சியாதான். யூரிக் ஆசிட்டை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம்.

இதற்கு அடுத்துத்தான் எஸ்-ஃப்ளிட்-1-ஐ பி.எல்.ஜி.எஃப்.-ஆல் வகுத்து வரும் விகிதம். 2016-இல் வந்த ப்ரோக்னோசிஸ் ஆய்வின்படி அந்த எண் 38 அல்லது அதற்குக் கீழே என்றால், அடுத்த ஒரு வாரத்தில் பிரீ-எக்ளாம்ப்சியா வராது என்பதற்கு 99.3 சதவீத உறுதி. ஆனால் 38-க்கு மேலே என்றால் அடுத்த நான்கு வாரத்தில் வருவது நூற்றில் சுமார் 37 பேருக்குத்தான். "இப்போதைக்கு இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்ல இந்தப் பரிசோதனை அருமையானது. "வந்துவிட்டது" என்று சொல்ல அவ்வளவு வலுவில்லை, எண் 85-ஐத் தாண்டும்போதுதான் அந்தப் பக்கமும் கனம் கூடுகிறது. சில லேபில் பி.எல்.ஜி.எஃப்.-ஐ மட்டும் பார்ப்பார்கள், அங்கே 100 என்ற எண்ணைக் கோடாக வைப்பதுண்டு. கருவிக்குக் கருவி அளவு மாறும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் கோட்டோடு ஒப்பிடக் கூடாது. இரட்டைக் குழந்தை என்றால் இந்தக் கோடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பிரிட்டனில் 11 மருத்துவமனைகளில் நடந்த பேரட் ஆய்வில், டாக்டருக்கு பி.எல்.ஜி.எஃப். முடிவைச் சொன்னபோது நோயை உறுதி செய்ய எடுத்த நாள் நடுமட்டமாக 4.1-லிருந்து 1.9-ஆகக் குறைந்தது. அந்த இரண்டு நாளின் மதிப்பு எனக்குத் தெரியும். நைஸ் 2022-இல் 37 வாரத்துக்கு முன் சந்தேகம் வந்தால் இதைப் பயன்படுத்தச் சொன்னது, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் விகிதப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் எல்லோருக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வதால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை இல்லை என்று 2024-இல் வந்த இரண்டாம் பேரட் ஆய்வு காட்டியது. வாரா வாரம் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்கேன் இந்தக் கட்டத்தில் தாயின் நோயைச் சொல்லாது. குழந்தை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும்: எடை ஏறுகிறதா, பனிக்குட நீர் போதுமா, தொப்புள்கொடித் தமனியில் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் முன்னோக்கி ஓடுகிறதா. அந்த ஓட்டம் நின்றுவிட்டாலோ, பின்னோக்கித் திரும்பினாலோ, எந்த நாளில் குழந்தையை எடுப்பது என்ற கணக்கே மாறிவிடும். எந்த ரத்தப் பரிசோதனையும் இதைச் சொல்லாது. ஆகவே 20 வாரத்துக்குப் பின் ரத்தம் அம்மாவுக்கு, டாப்ளர் பிள்ளைக்கு. சந்தேகம் வந்துவிட்டால் குழந்தையின் ஸ்கேனை எக்காரணத்துக்கும் தள்ளிப்போட வேண்டாம், விகிதப் பரிசோதனை கிடைத்தால் எடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர் 24-ஆம் வாரத்தில் கருப்பைத் தமனி டாப்ளரைத் தனியாகக் காசு கொடுத்துப் பார்ப்பதில் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை. ஆஸ்பிரினுக்கான கதவு அதற்குள் மூடிவிட்டது.

இரண்டுமே எட்டாத ஊர்களும் உண்டு. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் பார்க்கும் பி.பி., சிறுநீர், நர்சம்மா கொடுக்கும் கால்சியம் மாத்திரை, இவற்றைச் சிறியதாக நினைக்காதீர்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள நாடுகளில் கர்ப்பிணிக்குத் தினம் 1.5 முதல் 2 கிராம் கால்சியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பிரீ-எக்ளாம்ப்சியாவைக் குறைக்கத்தான். டப்பா டப்பாவாக அலமாரியில் சேர்ந்துகிடக்கும் அந்த மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனார் கடைசியில் இரண்டையும் எடுத்தாள். பி.பி. மட்டும் ஸ்கேன் அறைக்குள் நுழையும் அவசரத்தில் பார்த்திருந்தார்கள். "உட்கார வெச்சு மறுபடி பாருங்கன்னு கேளும்மா" என்றேன். தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள், பார்த்தார்கள். ஒற்றை எண்ணாக வந்த விடை 64-இல் ஒன்று. டாக்டர் அன்றிரவே ஆஸ்பிரின் தொடங்கச் சொன்னார். அத்தைக்கு மனசில்லை. "ரத்தத்தைத் தண்ணியாக்கற மாத்திரையாச்சே" என்றார். உங்களுக்கு அந்தக் காலத்தில் உப்பைக் குறைப்பதைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை, இவளுக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அதன்பிறகு தினமும் இரவு மாத்திரையை எடுத்து வைப்பதே அத்தைதான்.

இப்போது ஆடி. 27-ஆம் வாரம் நடக்கிறது. ஒரு பி.பி. கருவி வாங்கி அனுப்பியிருக்கிறேன். டாக்டரின் மேஜையில் இருக்கும் கருவியோடு அவள் கையிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசத்தை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நாற்பது பக்க நோட்டில் நான்கு கட்டம்: தேதி, காலை, மாலை, தலைவலி உண்டா. 140/90 தொட்டால் அன்றைக்கே டாக்டர், 160/110 என்றால் போன்கூடச் செய்யாமல் நேரே ஆஸ்பத்திரி என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் இந்த நோட்டு தொடர வேண்டும், இந்த நோய் முற்றினால் வரும் வலிப்பு பிள்ளை பிறந்தபிறகும் வரலாம். நேற்று மாலை 112/74. ஆவணியில் வளைகாப்பு. அன்றைக்குக் காலை அளவை எழுதியபிறகுதான் வளையல் அடுக்குவது என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.